சாகிரா சோதித்துப் பார்த்த டிவி

சாகிரா கடைக்குள் நுழைந்தால் பெரம்பலூர் வியாபாரிகளே கொஞ்சம் உஷாராகிவிடுவார்கள். சும்மா சொல்லவில்லை. 1998-ல் கிரைண்டர் வாங்கப் போனபோது லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர், "என்னம்மா, சாப்பாடா?" என்று கேட்டார்.

"அரிசியும் உளுந்தும். வெடியகாலையில ஊறப்போட்டது. போட்டு ஆட்டிக் காட்டுங்க."

கடைக்காரர் சிரித்தார். சாகிரா சிரிக்கவில்லை. முதல் கிரைண்டர் ஆட்டிய மாவை விரலில் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்று இருந்தது. அடுத்ததைப் போடச் சொன்னாள். அதில் கல் சூடேறியது. மூன்றாவதுதான் அவளுக்குத் திருப்தி. ஆட்டிய மாவைக் கடையிலா விட்டுவருவாள்? வாளியில் வழித்துப் போட்டுக்கொண்டு வந்து மறுநாள் இட்லி ஊற்றினாள்.

மூக்குக்கண்ணாடி போடப் போன இடத்திலும் இதே கூத்துதான். அவர்கள் நீட்டிய அட்டையை அவள் சீண்டவில்லை. தான் தினம் ஓதுகிற குர்ஆனைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, இந்த எழுத்து எந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறதோ அதைக் கொடுங்கள் என்றாள். "நம்ம வூட்டுச் சாமானைப் போட்டுப் பார்க்காம எதையும் வாங்கக் கூடாது" என்பது அவள் சட்டம். தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காத பெண் கிடையாது. ஆனால் பொருள் வாங்கப் போகும்போது, "லாத்தா, நீங்களும் கூட வாங்களேன்" என்று இந்த அக்காவிடம் கெஞ்சாத பெண்ணும் கிடையாது.

அவளை இப்படி ஆக்கியது காலம்தான். 1984-ல் கல்யாணம். 1987-ல் கணவர் சாகுல் ஹமீது சார்ஜாவுக்கு சபர் போனார். அந்த ஊரில் பாதி வீட்டு ஆம்பளைகள் சபுராளிகள், அரபு நாட்டில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாச லீவு. இருபது வருஷத்தில் சாகுலோடு அவள் சேர்ந்து வாழ்ந்தது இருபது மாசம்கூடக் கிடையாது. மகள் ஆஃப்ரா பிறந்தபோதும் அவர் இல்லை, மகன் அஸ்லாம் பிறந்தபோதும் இல்லை. மாமனாரைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள். வீடு கட்டும்போது கொத்தனார் கலவையில் கையை வைத்ததைக் கண்டுபிடித்து, பூசிய சுவரை மறுபடி உடைக்கச் சொன்னது அவள். கரண்டு ஆபீஸ், தாலுகா ஆபீஸ், எல்லா இடத்திலும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றது அவள். கொல்லையில் ஒரு கறவை மாட்டில் ஆரம்பித்து நான்கு மாடாக்கி, காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். இத்தனைக்கும் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான். அடேயப்பா, எத்தனை படித்தவர்களை அவள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள்!

அந்த வீட்டுக்கு டிவி வந்தது 1995-ல். சாகுல் லீவுக்கு வரும்போது இருபத்தோரு அங்குல ஜப்பான் கலர் டிவியைக் கொண்டுவந்தார். சபுராளி வந்த மறுநாள் பெட்டி பிரிக்கிற நாள். தெருப் பெண்கள் எல்லாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கோடாலித் தைலம், சோப்பு, சென்ட்டு, சட்டைத் துணி என்று ஆளுக்கொன்று கைக்குக் கை போகும். ஆனால் எல்லார் கண்ணும் எந்தப் பெட்டி பெரிசு என்பதில்தான் இருக்கும். பெரிய பெட்டி வந்தால் ஆள் அங்கே நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். பெட்டி சிறுத்தால் பேச்சு பெருத்துவிடும். 95-ல் சாகுலின் பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அந்த வருஷம் முழுக்க சாகிரா தலை நிமிர்ந்து நடந்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் அந்தப் பெருமை பிடித்துத்தான் இருந்தது.

2007 பிறந்தபோது அந்த டிவிக்குப் பன்னிரண்டு வயது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வழக்கம்போல சாகுல் போன் செய்தார். மாடு, மகன், மகள், மருமகன் எல்லாரையும் விசாரித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாகிரா, இப்ப எல்லாரும் எச்டி டிவிதான் எடுத்துட்டுப் போறாங்க. நாப்பது இஞ்ச். சொவத்துல படம் மாதிரி மாட்டிக்கலாம். நமக்கும் ஒண்ணு எடுத்துடட்டா?"

"இருக்கறதுக்கு என்னங்க கேடு?"

"அது பழசு. கேளு. இங்க என் கான்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டா லீவு சம்பளத்தை முன்னாடியே தர்றான். அதுல டிவி எடுத்துட்டு, லீவுக்கு வந்துட்டுத் திரும்பிடுவேன். போடலன்னா முடிச்சுக்கிட்டு ஒரேயடியா வந்துட வேண்டியதுதான். வெறுங்கையாதான் வரணும். நீ யோசிச்சுச் சொல்லு. அடுத்த சனிக்கிழமை கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கெழமை கூப்புடறேன்."

போனை வைத்துவிட்டு சாகிரா அங்கேயே நின்றாள். ஆக, டிவி வேண்டும் என்றால் இரண்டு வருஷம். வேண்டாம் என்றால் மனுஷன் வீட்டோடு. இதை ஒரு கேள்வியென்று அவளிடம் கேட்கிறாரே!

"வந்துடுங்க" என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் அவளாகவே அதை அடக்கிக்கொண்டாள். அவர் என்ன மூட்டையா தூக்குகிறார்? ஸ்டோர் சூப்பர்வைசர். ஏசி அறை, சுற்றுகிற நாற்காலி. 2004-ல் பழைய கம்பெனியை மூடியபோது பெரிய கம்பெனியில் அதே வேலையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதில் வெறுங்கையோடு வந்து ஊர்க்காரர்கள் வாயில் விழ வேண்டுமா? அவர் மரியாதைக்காக இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ள மாட்டோமா? இப்படித்தான் அவள் மனசு முக்கால்வாசி 'சரி' பக்கம் சாய்ந்தது.

பெரம்பலூரில் காலேஜ் படிக்கிற அஸ்லாம் வீட்டுக்கு வந்ததும் விஷயம் தெரிந்து துள்ளினான். "எச்டின்னா என்னன்னு தெரியுமாம்மா? புல்லுல ஒவ்வொரு இதழும் தெரியும்!"

"நாலு மாட்டுக்குப் புல்லு அறுக்கறவ நான். எனக்கு டிவியில புல்லு காட்டறியா?" என்றாள் சாகிரா.

ஆனாலும் சட்டம் சட்டம்தானே? சோதிக்காமல் சரி என்று சொல்ல அவளால் முடியாது. முதலில் டிவி மெக்கானிக் மணிவேலைக் கூப்பிட்டு அனுப்பினாள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஜப்பான் டிவியைத் திறந்து மூடுகிறவன் அவன்தான். மொபெட்டில் வந்து இறங்கினவனை டீயைக் கொடுத்து உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள்.

"உள்ளதச் சொல்லிடறேம்மா" என்றான் மணிவேல். "எச்டி டிவிக்கு எச்டி படம் வரணும். நம்மூரு கேபிள்ல வர்றது பழைய படம்தான். பெரிய தாம்பாளத்துல ரெண்டு இட்லி வச்ச மாதிரி இருக்கும். ஆனா சிடி போட்டுப் பார்த்தா நல்லாத் தெரியும். இன்னொண்ணு, நம்ம பழைய டிவி படத்தோட நாலு ஓரத்தையும் ஒரு வெரக்கடை முழுங்கிடும். எல்லாப் பழைய டிவியும் அப்படித்தான். புதுசுல அதுக்குன்னு செட்டிங் இருக்கு, ஓரமும் முழுசாத் தெரியும்."

"இத்தன வருசமா முழுங்கிக்கிட்டா இருந்துச்சு? நீ ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியேம்மா!"

எதிர் வீட்டு ஹுஸ்னாவிடம் அப்படி ஒரு எச்டி டிவி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவள் கணவன் ஹஸ்ஸான் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. ஹுஸ்னா நல்ல பெண், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். டிவி வந்ததிலிருந்து அவள் கால் தரையில் படவில்லை. சாகிரா பார்க்க வருகிறேன் என்றதும், "வாங்க லாத்தா, வாங்க! அவங்களும் வெளிய போயிருக்காங்க, நிம்மதியாப் பார்க்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை, சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். சாகிரா வெறுங்கையோடு போகவில்லை. ஒரு சிடியை முந்தானைக்குள் கொண்டுபோனாள். போன வருஷம் ஆஃப்ராவின் நிக்காஹ் நடந்தது. பெரிய ஆர்டர், நான் இல்லாவிட்டால் ஸ்டோர் நடக்காது என்று சாகுல் வரவில்லை. அதற்குப் பதிலாக, அறைத் தோழர் ஒருவரின் கேமராவில் மகளுக்கு வாழ்த்துச் சொல்லிப் பதிவு செய்து, ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்து அனுப்பினார். அதைப் பழைய டிவியில் சாகிரா எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. நீலத் திரைச்சீலைக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். இதைவிட அவளுக்கு அத்துப்படியான படம் உலகத்தில் கிடையாது. டிவியைச் சோதிக்க இதுதானே சரி?

முதலில் ஹுஸ்னா கேபிளைப் போட்டுக் காட்டினாள். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் பூசணிக்காயாகப் பரந்திருந்தது.

"ஏண்டி, இந்தப் பொண்ணு நேத்து வரைக்கும் ஒல்லியாத்தானே இருந்துச்சு?"

"பெரிய டிவின்னா அப்படித்தான் லாத்தா, ஆளு பெருசாத் தெரிவாங்க" என்றாள் ஹுஸ்னா விட்டுக்கொடுக்காமல். பிறகு, "இதப் பாருங்க, அவங்க துபாய்ல எடுத்தது" என்று ஒரு சிடியைப் போட்டாள். முகங்கள் சரியான அளவுக்கு வந்தன. அகலமான சாலை, கண்ணாடிக் கட்டடங்கள், வரிசையாகப் பேரீச்சை மரங்கள். சும்மா சொல்லக் கூடாது, படம் அப்படித் துல்லியமாக இருந்தது. சாலை ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த உடுப்பு, குறுக்கே வெள்ளிப் பட்டை, கையில் நீளத் துடைப்பம், இப்படி இரண்டு பேர் வெயிலில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் லாத்தா, ரோடு கூட்டறவங்க. வெயில்ல தீஞ்சே போயிடுவாங்களாம். நம்ம பக்கத்து ஆளுங்களே இருக்காங்களாம், வூட்டுல மட்டும் சொல்லவே மாட்டாங்களாம்."

"யா அல்லாஹ்" என்று சாகிரா உச்சுக்கொட்டினாள். பிறகு தன் சிடியை நீட்டினாள்.

சாகுல் திரையில் வந்தார். ஆளுயரத்துக்கு, நேரே எதிரில் உட்கார்ந்தது போல. சாகிரா இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். கண்ணுக்குக் கீழே இவ்வளவு சுருக்கமா? தாடியில் இவ்வளவு நரையா? "ஆஃப்ரா, அத்தாவோட துஆ எப்பவும் உனக்கு இருக்கும்மா" என்று அவர் சொல்லும்போது உதடு நடுங்கியது கூடத் தெரிந்தது. வாங்கிவிடலாம் என்றே அந்த நிமிஷம் நினைத்தாள். இந்த முகத்தை இப்படிப் பார்ப்பதற்காகவாவது வாங்கலாம்.

அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தாள். நீலத் திரைச்சீலை முடிகிற இடத்துக்கு அப்பால் ஒரு விரற்கடை சுவர் தெரிந்தது. பழைய டிவியில் அவள் ஒரு நாளும் பார்த்திராத சுவர். அதில் ஒரு ஆணி. ஆணியில் ஆரஞ்சு உடுப்பு தொங்கியது. கைப்பக்கத்தில் வெள்ளிப் பட்டை பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே, சுவரில் சாய்த்த ஒரு நீளத் துடைப்பத்தின் கைப்பிடி.

படம் ஓடிக்கொண்டிருந்தது. "ஸ்டோர்ல வேலை ஜாஸ்தி, அதான் அத்தாவால வர முடியல" என்று சாகுல் சிரித்துக்கொண்டே மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாகிரா திரும்பவில்லை. பக்கத்தில் ஹுஸ்னாவின் வளையல் சத்தம் நின்றுபோனதை மட்டும் கவனித்தாள். ஹுஸ்னா விருட்டென்று எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். "இந்த மிஷினு சூடாயிடுச்சு லாத்தா, நிறுத்திடறேன்" என்று சொல்லி, சிடியை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவள் சாகிராவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாய் நீண்ட ஹுஸ்னா அன்றைக்கு டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாகிரா கதவைச் சாத்திக்கொண்டு பழைய டிவியில் அதே சிடியைப் போட்டாள். நீலத் திரைச்சீலை மட்டும்தான். ஆணியும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அனுப்புவதற்கு முன்னால் அங்கே இருந்த ஏதோ பழைய டிவியில் அவரும் போட்டுப் பார்த்திருப்பார். எல்லாம் மறைந்திருக்கிறது என்று நிம்மதியாக அனுப்பியிருப்பார்.

முதலில் வந்தது கோபம்தான். ஒரு டம்ளரை எடுத்துத் தரையில் போட்டாள். "என்னய முட்டாளாக்கிட்டீங்களே! கடக்காரனால ஏமாத்த முடியல, கொத்தனாரால ஏமாத்த முடியல, நீங்க ஏமாத்திட்டீங்களே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. 2005 லீவில் அவர் கழுத்தும் கையும் கருத்துப்போயிருந்தன. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பீச்சுக்குப் போறோம்ல" என்றார். அவளும் கேலி பேசினாள். எழுப்பாமலே விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். குனிந்து நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அத்தனையையும் அவள் நம்பினாள். மாவைத் தேய்த்துப் பார்த்தவள், புருஷன் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்ததும் கோபம் போய் அழுகை வந்தது. பால் கறக்கிற நேரம் தாண்டி மாடு கத்துகிற வரைக்கும் அழுதாள்.

மாட்டின் மடிக்குக் கீழே உட்கார்ந்து கறந்துகொண்டே முடிவெடுத்தாள். அவர் வர வேண்டும். டிவி இல்லாமல், கையெழுத்து இல்லாமல் வர வேண்டும். ஆனால் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. இருபது வருஷம் இந்த வீட்டுக்காக உழைத்தவர் தலை குனியக் கூடாது. அஸ்லாமிடம், "டிவி கிடையாது. கேட்டே, மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லுவேன்" என்று ஒரே பேச்சாக முடித்தாள்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"என்ன, எடுத்துடட்டா?"

"வேணாங்க. ஹுஸ்னா வூட்டுல பார்த்தேன். ஆளுங்க மூஞ்சியெல்லாம் பூசணிக்காயாட்டம் இருக்கு. கேபிள்ல எச்டியும் வரலயாம், மணிவேலு சொன்னான். எனக்கு அந்தக் கண்றாவி வேணாம்."

"பெட்டி பிரிக்க வர்றவங்க என்ன பேசுவாங்க சாகிரா?"

"சாகிரா கஞ்சம்னு பேசுவாங்க. இப்ப மட்டும் என்ன பேசறாங்களாம்? இங்க பாருங்க. நாலு மாட்ட எட்டு மாடாக்கலாம்னு இருக்கேன். என்னால ஒத்தையா முடியல. கூலிக்கு ஆளு நிக்க மாட்டேங்குது. நம்பிக்கையான ஒரு ஆளு வேணும். நீங்க வந்துடுங்க."

அவர் சிரித்தார். "சூப்பர்வைசர மாட்டுக்காரனாக்கப் பாக்குறியா? இல்ல சாகிரா. நான் நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். வெறுங்கையோட வந்து அந்தக் கூடத்துல என்னால உட்கார முடியாது. டிவியோடதான் வருவேன். ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும். நீ பேசாம இரு."

சாகிரா கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கு அந்தப் பேனாவை எடுத்துவிடுவார். அப்புறம் இரண்டு வருஷம் வெயிலில்.

"நான் பார்த்துட்டேங்க."

"எத?"

"ஆஃப்ராவுக்கு அனுப்பினீங்களே, அந்தப் படத்துல. திரைச்சீலைக்கு ஓரத்துல ஆணியில மாட்டியிருக்கற ஆரஞ்சு சட்டைய. எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் சாகிராவே தொடர்ந்தாள்.

"ரோடு கூட்டறது ஒண்ணும் கேவலம் இல்லீங்க. அத எங்கிட்ட மறைச்சீங்களே, அதுதான் எனக்கு ஆறல. எனக்கு டிவியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீங்க வந்துடுங்க. கையெழுத்துப் போடாதீங்க."

போன் வைக்கப்பட்டது. சாகிரா திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளி போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. இருபது வருஷத்தில் இப்படி நடந்ததே கிடையாது. கையெழுத்துப் போட்டாரா, இல்லையா? சாகிராவுக்குச் சோறு இறங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு மனுஷன் மூன்று வருஷமாகக் கட்டிக் காத்த மானத்தை இரண்டு வார்த்தையில் உடைத்துவிட்டோமே. வெட்கத்தில் இனி ஊர்ப்பக்கமே வராமல் போய்விட்டால்? ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் சாகிரா.

ஒரு நாள் ஹுஸ்னா கிண்ணத்தில் கறிக்குழம்பு கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"லாத்தா, நான் யாருகிட்டயும் சொல்லல."

"சொன்னாத்தான் என்ன? திருடிட்டா வந்தாரு?" என்று சாகிரா எரிந்து விழுந்தாள். பிறகு ஹுஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாவது வெள்ளியும் போய், திங்கட்கிழமை மத்தியானம் ஒரு ஆட்டோ வாசலில் நின்றது. சாகுல் ஹமீது இறங்கினார். பின்னால் பெட்டி எதுவும் வரவில்லை. தோளில் ஒரு பை, அவ்வளவுதான். சாகிரா மாட்டுக்குத் தீவனம் கலக்கிய கையோடு வந்து நின்றாள்.

"போடல" என்றார் சாகுல்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சாகிரா. "கைய அலம்பிட்டு வாங்க, சோறு போடறேன்."

அவர் சாப்பிடும்போது சாகிரா அவர் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வழக்கம் தவறாமல் பெண்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பையிலிருந்து கோடாலித் தைலம் ஆறு பாட்டிலும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் வந்தன. அத்தோடு பை காலி. ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். "டிவி கார்கோவுல வருதாக்கும்?" என்று ஒரு குரல் இழுத்தது.

"வரல. நான்தான் வேணாம்னேன். சபரையும் விட்டுட்டு வந்துடுங்கன்னேன்" என்றாள் சாகிரா. "பன்னெண்டு வருசம் டிவியப் பார்த்தது போதும், இனிமே ஆளப் பார்க்கறேன். பேரீச்சம்பழம் எடுத்துக்கங்க."

பெண்கள் சிரித்து மழுப்பினார்கள். அறைக்குள் உட்கார்ந்திருந்த சாகுலுக்கு எல்லாம் கேட்டது. அன்று முழுக்க அவர் வெளியே வரவில்லை. தெருவில் என்ன பேசுவார்கள், நாளைக்கு ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவர் தவிப்பது சாகிராவுக்குத் தெரிந்தது. அவளும் கேட்கவில்லை. அந்தப் பாரத்தை அவர்தான் இறக்கி வைக்க வேண்டும். அவளால் எப்படி அதை இறக்க முடியும்?

புதன்கிழமை காலை பால் கறந்து வைத்துவிட்டு சாகிரா வாசல் கூட்டத் துடைப்பத்தை எடுத்தாள். பின்னால் வந்த சாகுல் கையை நீட்டினார்.

"குடு. இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை."

சாகிரா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். சாகுல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். குப்பை பறக்காமல், மண்ணைச் சீய்க்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே சீராகக் கூட்டினார். தன் வாசல் முடிந்தும் நிறுத்தவில்லை, எதிர் வாசல் வரைக்கும் போனார். பல் துலக்கிக்கொண்டு நின்ற ஹஸ்ஸான் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மச்சான், ஸ்டோர் சூப்பர்வைசரு கையில வெளக்கமாறு?"

ஹுஸ்னா தன் புருஷனிடம்கூட அதைச் சொல்லவில்லை என்று சாகிராவுக்கு அப்போதுதான் தெரிந்தது. படியில் நின்றபடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சாகுல் நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"சூப்பர்வைசர் வேலை போய் மூணு வருசமாச்சு மாப்ள. அங்க நான் ரோடுதான் கூட்டிக்கிட்டு இருந்தேன்."

தெருவே கேட்கும்படி சொன்னார். ஹஸ்ஸானின் பிரஷ் வாயிலேயே நின்றது. பால் வாங்க வந்த இரண்டு பெண்கள் சொம்போடு அப்படியே நின்றார்கள். சாகுல் சாகிராவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்தாள்.

"என்னாத்த மூணு வருசம் கூட்டுனீங்களோ! அந்த மூலைய வுட்டுட்டீங்க, பாருங்க."

சாகுல் சிரித்துவிட்டார். அந்த மூலைக்குப் போய் மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.